ரிவர்ஸில் பின்னால் நிற்பவர்

போன மாதம் டிப்போவிலிருந்து நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலி செய்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். எந்த டிரைவரோடு எந்த கண்டக்டர் எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று தினமும் டூட்டி போடுகிற வேலை. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் நான் மடித்து வைத்த பழைய டயர் துண்டு இன்னும் இருக்கிறதாம். நிறுவனத்துக்கு நான் விட்டுச் சென்ற சொத்து அது ஒன்றுதான்.

"சார், புதுசா சாஃப்ட்வேர் வந்துருக்குங்க. யாரோட யாருன்னு அதுவே போட்டுருது. ஆனா காத்தால ரெண்டு பேரு வந்து, இவனோட போகமாட்டேன்னு மேசையத் தட்டறாங்க. கம்ப்யூட்டர் போட்டதுங்கண்ணான்னா, அப்ப ரிவர்ஸுக்கும் கம்ப்யூட்டரையே வந்து விசிலடிக்கச் சொல்லும்மாங்கறாங்க. நீங்க எப்படிங் சார் இத்தன வருசம் சமாளிச்சீங்க?"

எனக்கு இந்த மாதிரிக் கேள்விகள் பிடிக்கும். ஓய்வு பெற்றவனிடம் பால் வாங்கியாச்சா என்பதைத் தவிர வேறெதையும் யாரும் கேட்பதில்லை. பதில் சொல்வதற்கு வாகாகத் தொண்டையைச் செருமினேன். நித்யா விவரமான பெண்.

"போன்ல வேண்டாங் சார். எழுதிக் குடுத்துருங்க, நேரங் கெடைக்கறப்ப படிச்சுக்கறேன்" என்றாள்.

எழுதுகிறேன்.

நான் கண்டக்டராகத்தான் சேர்ந்தேன். மலைப் பாதையில் வாந்தி வருகிற பயணிகளுக்காகக் கண்டக்டர்கள் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பது வழக்கம். என் மிட்டாயை நானே தின்றேன். குன்னூர் தாண்டுவதற்குள் பயணிகள் எனக்கு ஜன்னல் ஓர சீட் கொடுத்து முதுகைத் தடவிவிடுவார்கள். சில வருஷத்தில் என்னை ஆபீசுக்குள் போட்டுவிட்டார்கள். பதவி உயர்வு என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அது பொதுநலன்.

டூட்டி போடுவதில் கஷ்டம் ஸ்டே பஸ்தான். சாயங்காலம் கடைசி டிரிப்பாக படகர் ஊரான ஏதாவது ஒரு ஹட்டிக்கோ எஸ்டேட்டுக்கோ போய், ராத்திரி அங்கேயே நின்று, விடிந்ததும் முதல் டிரிப்பாகத் திரும்புகிற பஸ். டிரைவரும் கண்டக்டரும் ஊரார் கொடுத்த ஓர் அறையில் ஒரே ஸ்டவ்வில் சமைத்து, ஒரே ஜமக்காளத்தின் இரண்டு ஓரங்களில் படுத்து எழுந்து வர வேண்டும். அந்தக் குளிரில் ஒருவருடைய குறட்டை இன்னொருவருடைய தலையெழுத்து. கல்யாணத் தரகர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். நான் குறட்டை, கருவாடு, ரேடியோ, சபரிமலை மாலை, கட்சி என்று பார்த்தேன். அவர்கள் செய்துவைத்த கல்யாணங்களும் நான் போட்ட ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடின.

என்னைப் பார்த்து யாருக்கு இரக்கம் வந்ததோ, கோயம்புத்தூரில் குழுக்களை நிர்வகிப்பது பற்றிய ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏ.சி. அறை. டை கட்டிய ஓர் இளைஞர் பலகையில் நான்கு படிகள் வரைந்தார். எந்தக் குழுவும் முதலில் ஒன்றுசேரும், பிறகு மோதும், பிறகு ஒரு ஒழுங்குக்கு வரும், பிறகு பிரமாதமாக வேலை செய்யும் என்றார். எங்கள் டிப்போ இரண்டாவது படியிலேயே இடம் வாங்கி வீடு கட்டிக் குடியேறிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நம்பிக்கைப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், குழு நம்மைத் தாங்கிப் பிடிக்கும். நான் சாய்ந்த நேரம் பார்த்து வாசலில் வடைத் தட்டு வந்தது. குழு திரும்பிப் பார்த்தது. நம்பிக்கை என்பது என்ன என்று அன்றைக்கு முதுகால் படித்தேன். சான்றிதழும் கொடுத்தார்கள்.

அப்போது எங்கள் கிளை மேலாளர் தேவசகாயம் சார். நெட்டையான மனிதர், தாழ்ந்த குரல். அவரிடம் யாரும் அறைக்குள் போய்ப் புகார் சொல்ல முடியாது. "ரூமுக்குள்ள வந்தா மனுசன் மனு ஆயிடறான்" என்பார். யார் வந்தாலும் எழுந்து, மூலையில் சாய்த்து வைத்திருக்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போவார். அந்த ஆள் ஓட்டுகிற பஸ்ஸைச் சுற்றி இருவரும் நடப்பார்கள். ஒவ்வொரு டயராகக் கம்பியால் தட்டிக் காற்றுப் பார்த்துக்கொண்டே கேட்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். பார்க்கிறவர் இல்லையென்றால் நடிக்கிறவருக்குச் சோர்வு வந்துவிடும். முன் டயரில் ஆக்ரோஷமாக ஆரம்பிக்கிறவர்களுக்குப் பின் டயருக்குப் போவதற்குள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அங்கேதான் நிஜமான விஷயம் வெளியே வரும். சுற்று முடிந்ததும் பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஒரே கேள்வி கேட்பார்.

"சரி, அவன் வேண்டாம். யாரு வேணும்?"

இதற்குச் சட்டென்று ஒரு பெயரைச் சொல்கிறவனுக்கு அந்தப் பெயரையே கொடுத்துவிடச் சொல்வார். கருவாட்டுச் சண்டையில் வந்த ஒருவர் அரை நொடியில் இன்னொரு கருவாட்டுப் பிரியரின் பெயரைச் சொன்னார். இருவரும் கடைசிவரை ஒற்றுமையாக இருந்தார்கள். அவர்கள் தங்கிய ஊர்க்காரர்கள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். பெயர் சொல்லத் தெரியாமல் முழிக்கிறவனைப் பழைய ஜோடிக்கே திருப்பி அனுப்புவார். "அவனுக்கு ஆளு பிரச்சினை இல்ல. வேற ஏதோ" என்பார்.

இந்த இரண்டிலும் சேராத ஒரு ஜோடி வந்தது. டிரைவர் போஜன், கண்டக்டர் செல்லத்துரை.

போஜன் படகர். பெரிய மீசை, குறைந்த பேச்சு. செல்லத்துரையின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து குந்தாப் பக்கம் குடியேறியது. அவருக்கு மீசை குறைவு, பேச்சு அதிகம். ஒரே ஸ்டே பஸ்ஸில் வருஷக்கணக்காகப் போனார்கள். போஜன் அவரைக்காய்க் குழம்பு வைப்பார், துரை தன் அம்மாவிடம் கற்ற ரொட்டி தட்டித் தேங்காய்ச் சம்பல் அரைப்பார். அவர்களுக்கு டூட்டி போடும்போது என் பேனா யோசிக்காது.

பஸ் போன ஊர் எமரால்டு என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருந்தது. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் கேரட் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தார் ரோடு அந்த ஊரோடு முடிந்துவிடும். பஸ் திரும்ப வேண்டுமானால் மூக்கு மேட்டில் இடிக்காத குறையாக நிறுத்தி, பின்பக்கத்தைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோய், அப்புறம் முன்னால் எடுக்க வேண்டும். பின் சக்கரம் ரோட்டில் இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள கடைசி சீட் அந்தரத்தில் இருக்கும். கீழே தேயிலை, அதற்குக் கீழே கேரட், அதற்கும் கீழே மேகம். ஆட்களை இறக்கிவிட்டுத்தான் திருப்புவார்கள். கண்டக்டர் இறங்கி, பின் சக்கரம் தெரிகிற இடத்தில் நின்று விசில் ஊதுவார். விட்டு விட்டு ஊதினால் வரலாம், நீளமாக ஊதினால் நில். பனி இறங்கிவிட்டால் டிரைவருக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. விசில்தான் கண்.

கண்டக்டர் மேட்டுப் பக்கம் நின்று ஊத வேண்டும் என்பது விதி. துரை பள்ளத்துப் பக்கம் நிற்பார். விளிம்பிலேயே, குதிகால் புல்லில் இருக்க, முதுகு பள்ளத்தைப் பார்க்க.

ஒருமுறை கண்டித்தேன்.

"அதில்லைங்க சார், வண்டி தவறுனா மொதல்ல என்னையத் தாண்டித்தான் போகணும். அது அண்ணனுக்குத் தெரியும். கால் தானா பிரேக்குல இருக்கும்" என்றார்.

"விதின்னு ஒண்ணு இருக்கு துரை."

"மெய்தாங்க சார்" என்று பணிவாக ஒப்புக்கொண்டார். மறுநாளும் விளிம்பில்தான் நின்றாராம்.

ஒரு மழைக்கால சாயங்காலம். எமரால்டுப் பக்கம் மழை பிடித்தால் விடாது, மண் ஊறிப் பாயசம் ஆகிவிடும். ஓர் அம்மா விதை உருளைக்கிழங்கு மூட்டையோடு இறங்கினார். நனைந்தால் விதை கெட்டுவிடும் என்று அவர் பதற, துரை மூட்டையைத் தோளில் வாங்கி, மேட்டுப் பக்கம் நிழற்குடைக்குக் கொண்டுபோய்க்கொண்டே விசில் ஊதினார். சரியாகத்தான் ஊதினார். நீள விசிலுக்கு போஜனும் சரியாகத்தான் பிரேக் போட்டார். பஸ் நின்றது. நின்ற பிறகு, ஒரு பின் சக்கரத்துக்கு அடியில் இருந்த மண் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது.

உள்ளே போஜன் மட்டும்தான் இருந்தார். மெதுவாக இறங்கி வந்துவிட்டார். ஊரார் கயிறு கட்டி, டிராக்டர் வைத்து பஸ்ஸை மீட்டார்கள். விசாரணையில் இருவர்மேலும் தப்பில்லை, மழைதான் காரணம் என்று முடிந்தது. இடிந்த இடத்தில் கருங்கல் சுவர் எழுப்பி, மண் கொட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். நான் அப்படி நினைக்கிறபோதெல்லாம் ஏதாவது ஆரம்பிக்கும்.

லீவு முடிந்து வந்த போஜன் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சார், எனக்கு துரை வேண்டாங்க."

"ஏனுங்க போஜண்ணா, என்னாச்சு?"

"வேண்டாங்க."

யார்டில் துரை எதிரே வந்தால் போஜன் தலையைத் திருப்பிக்கொண்டு போனார். தேவசகாயம் சார் கம்பியை எடுத்தார். நான் எழுதும் அட்டையோடு பின்னால் நடந்தேன். முன் டயர் இரண்டும் முடிந்தன. பின்பக்கம் வந்ததும் போஜன் நின்றுவிட்டார். சார் பின் டயர்களைத் தட்டிவிட்டுச் சுற்றி வர, போஜன் வந்த வழியே திரும்பி நடந்து முன்னால் போய் நின்றார்.

"சரி போஜா, அவன் வேண்டாம். யாரு வேணும்?"

"யாரா இருந்தாலும் சரிங்க."

"யாரா இருந்தாலும்னு ஒரு ஆளு நம்மகிட்ட இல்லையே."

போஜன் ஷெட் வாசலைப் பார்த்தார். அங்கே துரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அவன் மட்டும் வேண்டாங்க" என்றார் போஜன்.

நிதானமான கண்டக்டர் ஒருவரைச் சேர்த்து அனுப்பினேன். அன்றைக்கு பஸ் அந்த ஊருக்குள் போகவில்லை. முந்தின முக்கில், ரோடு அகலமாக இருக்கும் இடத்திலேயே போஜன் நிறுத்திவிட்டார். மீதித் தூரம் ஜனங்கள் மழையில் நடந்தார்கள். மறுநாளும் அப்படியே. வேறு கண்டக்டரை மாற்றினேன். அவரையும் ஏற்றிக்கொண்டு, அதே முக்கில் நின்றார். கேட்டால், "அவங்க விசில் எனக்குக் கேக்கலைங்க" என்றார். காது டாக்டரிடம் அனுப்பினோம். காது பழுதில்லை. கண் டாக்டர், அதுவும் பழுதில்லை.

ஊர்க்காரர்கள் நனைந்த குடைகளோடு வந்து ஆபீசில் நின்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பஸ்ஸைத் திருப்ப முடியாத டிரைவரை ஸ்டியரிங்கை விட்டு இறக்கி கேட்டில் உட்கார வைப்பதைத் தவிர வழியில்லை என்று மேலிடத்திலிருந்தும் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டிகளுக்குச் சங்கிலியை இறக்கி ஏற்றுகிற வேலை. போஜனை அந்த ஸ்டூலில் நினைத்துப் பார்த்தேன்.

துரையையும் சார் டயர் சுற்றுக்கு அழைத்துப் போனார். துரை முதல் டயரிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அண்ணனுக்கு எம்மேல கோவம். நாயமான கோவம் சார். இத்தன வருசம் விளிம்புல நின்னவன், அன்னைக்கு மூட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுல நின்னு ஊதுனேன். அவர மட்டும் தனியா பின்னுக்கு வரச் சொல்லிட்டேன். எனக்கு அவர விட்டா வேற ஆளு ஏலாதுங்க சார். ஆனா அவருக்கு என்னைய ஏலாமப் போச்சே."

சார் மீதி டயர்களையும் தட்டி முடித்தார். அறைக்கு வந்ததும் என்னிடம், "சனிக்கிழமை மத்தியானம் காலி பஸ். போஜன் ஓட்டட்டும், துரை பின்னால நிக்கட்டும். நாமளும் போறோம். திருப்பிட்டான்னா சரி. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்" என்றார்.

எனக்குள் இருந்த சான்றிதழ் விழித்துக்கொண்டது. "சார், மோதல் இருக்கிறவங்களக் கொஞ்ச காலம் பிரிச்சு வைக்கணும்னு கோர்ஸ்ல சொன்னாங்க."

"கோர்ஸ்ல உங்களப் புடிச்சாங்களா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. எமரால்டு வரை காலி பஸ்ஸில் கம்பிகள் மட்டும் கடகடத்தன. வழக்கமாக நிறுத்தும் முக்கு வந்தபோது வேகம் குறைந்தது. சார் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போஜன் நிறுத்தவில்லை. ஊருக்குள் கொண்டுபோய், பஸ்ஸின் மூக்கை மேட்டுக்கு நேராக வைத்தார். நாங்கள் இறங்கினோம்.

துரை பையை என்னிடம் கொடுத்துவிட்டு, விசிலைச் சட்டையில் துடைத்து வாயில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். நேராகப் பள்ளத்து விளிம்புக்குப் போய், புதுச் சுவரின் தலையில் ஏறி நின்றார். முன்பு நின்றதைவிட இன்னும் ஓரடி வெளியே. முகத்தில், இனி ஒருநாளும் நகர மாட்டேன் என்கிற மாதிரி ஒரு பிடிவாதம். விட்டு விட்டு ஊதினார்.

பஸ் அசையவில்லை.

மறுபடி ஊதினார். இன்ஜின் நின்றது.

போஜன் இறங்கி வந்தார். துரை சுவரிலிருந்து இறங்காமல் சொன்னார்:

"வாங்கண்ணே, நான் இங்கனதான் நிக்கிறேன். எங்கேயும் போகமாட்டேன். அன்னைக்குச் செஞ்சது தப்புதான்."

"எறங்கு."

"இல்லண்ணே, நீங்க வந்து பாருங்க, நான்…"

"எறங்குடா!"

போஜன் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். துரை இறங்கினார். போஜன் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி மேட்டுப் பக்கம் கொண்டுவந்தார். நிழற்குடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கையை விடவில்லை.

"இங்க நில்லு. இங்கிருந்தே ஊது."

"அண்ணே, அன்னைக்கு இங்க நின்னதுக்குத்தானே நீங்க கோவிச்சுக்கிட்டு…"

"யாருடா கோவிச்சா?" போஜனின் குரல் தணிந்துவிட்டது. "அன்னிக்கு எறங்கி வந்து பின்னால பாத்தேன். நீ தெனமும் நிக்கிற எடத்தக் காணோம். எடத்தையே காணோம்டா. அந்த மூட்டை மட்டும் இல்லேன்னா… நான்தானே பின்னால வந்தேன்? எங் காலுதானே?"

துரையின் வாயில் விசில் அப்படியே இருந்தது. மூச்சு விட்டதில் அது லேசாகக் கீச்சிட்டது.

"கண்ணாடியில பாத்தா நீ அங்க நிக்கற மாதிரியே இருக்குது" என்றார் போஜன். "ஆள மாத்துனா செரியாப் போகும்னு பாத்தேன். அவங்க ஊதுனா எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது. உன்னையும் வெக்க முடியல. வேற ஆளையும் வெக்க முடியல. நான் என்ன பண்ணட்டும்?"

துரை விசிலை வாயிலிருந்து எடுத்தார். "மூட்டை எறக்கப் போனதுக்குத்தான் கோவம்னு இத்தன நாளா நான் சோறு திங்கலண்ணே."

"அந்தம்மா மூட்டைக்கு நான் தெனமும் கும்பிடு போடறேன். நீ என்னடான்னா…" என்று சொல்லிக் கையை விட்டார்.

சார் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கம்பியை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே காற்றுப் பார்த்த முன் டயரை மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். வேறு வேலை இல்லாமல் நானும் போய் அந்த டயரைப் பார்த்தேன். நல்ல டயர்.

போஜன் ஏறினார். மேட்டுப் பக்கத்திலிருந்து விசில் வந்தது, விட்டு விட்டு, கொஞ்சம் ஈரமாக. பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. நீள விசில். நின்றது. பின் சக்கரம் சுவருக்கு நல்ல தூரத்திலேயே இருந்தது. முன்னால் எடுத்துத் திருப்பினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஊதறத ஒழுங்கா ஊதுடா, ஒப்பாரி மாதிரி இருக்குது" என்றார்.

திரும்பி வரும் வழியில் சாரிடம் கேட்டேன், உங்களுக்கு முன்பே தெரியுமா என்று. "பின் டயர்கிட்ட வரமாட்டேங்கறான்னு தெரியும். ஏன்னு தெரியாது" என்றார். எமரால்டு தாண்டியதும், "ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் தாங்கிப் புடிக்கறேன்னு நின்னானுங்க. வடை வந்தாலும் திரும்பமாட்டானுங்க போலருக்கு" என்றார். அந்தக் கதையை அவரிடம் சொல்லியிருக்கவே கூடாது.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அவர்கள் இருவரும் ஒன்றாகவே போனார்கள்.

நித்யாவுக்கு எழுத உட்கார்வதற்கு முன், விவரங்களைச் சரிபார்க்கலாம் என்று போன வாரம் குந்தாவில் துரை வீட்டுக்குப் போனேன். போஜனும் வந்திருந்தார். அவருடைய மருமகன் வாங்கிக் கொடுத்த புதுக் கார், பின்னால் கேமரா வைத்தது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். மூட்டையின் நிறம் பற்றி இருவருக்கும் சண்டை வந்தது. கிளம்பும்போது போஜனின் காரில் எனக்கு முன் சீட். காரைப் பின்னால் எடுத்துத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் சரிவு.

போஜன் ரிவர்ஸ் போட்டதும் திரையில் வாசல் பளிச்சென்று தெரிந்தது. கலர் கோடுகள் எல்லாம் வந்தன. பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"இந்தக் கத்தறத எப்படிங் சார் நிறுத்தறது? விசில் காதுல விழாது" என்றார் போஜன். எனக்கும் தெரியவில்லை.

துரை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, விசிலோடு பின்னால் போனார். நேராகச் சரிவுப் பக்கம் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்.

"பாத்தீங்களா சார் கொழுப்ப? நான் வர்றப்பெல்லாம் இதே வேலைதான்" என்று சொல்லி போஜன் இன்ஜினை நிறுத்தினார். கைகளை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தார்.

துரை சிரித்துக்கொண்டே மேட்டுப் பக்கம் வந்து நின்று ஊதினார். போஜன் சாவியைத் திருகினார்.